வானவழிக் கணக்கு: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை

(இளநிலைப் புவியியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று கேட்டால், சாலையோர மைல்கல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், பேருந்து நடத்துநரே சொல்லிவிடுவார். வானத்தில் மைல்கல் ஏது? ஆயினும், பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு விமான நிலையத்தில் இத்தனை மணி இத்தனை நிமிடத்திற்கு இறங்குவோம் என்று பயணச்சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். பெரும்பாலும் அப்படியே இறங்கவும் செய்கிறார்கள். இது எப்படி முடிகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, வகுப்பில் நாம் படிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, கோள வடிவ முக்கோணம், காற்றோட்டம், நாட்டெல்லை ஆகிய எல்லாப் பாடங்களும் ஒரே கணக்கில் வந்து கூடுவதைக் கண்டேன். நான் அறிந்ததைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இவற்றிற்கிடையே 2020 நவம்பரில் தொடங்கிய இடைநில்லாச் சேவை, அன்று உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவையாக இருந்தது.

நேர்வழி எது?

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு இலங்கையைத் தொட்டு, அரபிக்கடலைக் கடந்து, தென் அரேபியா, சகாராப் பாலைவனம், அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் செல்லும். பார்வைக்கு நேர்வழி அதுதான். ஆனால் நேர்வழி அதுவன்று.

நம் சுவர்ப் படங்களுள் பல மெர்கேட்டர் என்ற அறிஞர் 1569இல் வகுத்த முறையில் வரையப்பட்டவை. மாலுமி ஒரே திசையில் கப்பலைச் செலுத்தினால் அவ்வழி படத்தில் நேர்க்கோடாக விழவேண்டும் என்பதற்காகவே அவர் அம்முறையை அமைத்தார். அந்த நன்மைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. துருவங்களை நெருங்க நெருங்க, படத்தில் நிலப்பரப்பு ஊதிப் பெருத்துவிடுகிறது. படத்தில் நாம் போட்ட அந்த ‘நேர்க்கோட்டின்’ உண்மை நீளத்தைக் கணக்கிட்டேன். ஏறத்தாழ 18,500 கி.மீ. வந்தது.

இப்போது படத்தை விட்டுவிட்டு உருண்டைக்கு வருவோம். எங்கள் துறையிலுள்ள பூகோள உருண்டை 30 செ.மீ. குறுக்களவு உடையது. அதில் 1 செ.மீ. என்பது பூமியில் ஏறத்தாழ 425 கி.மீ. ஆகும். ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கி இழுத்தேன். நூல் மேற்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வடதுருவத்தை உரசுவதுபோல் சென்று, கனடாவின் வழியாக நியூயார்க்கில் இறங்கியது. நூலை அளந்தால் 36 செ.மீ. அதாவது, சற்றேறக்குறைய 15,300 கி.மீ. படத்தின் கோட்டைவிட மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் குறைவு!

உருண்டையின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தையே ‘பெருவட்டம்’ என்கிறோம். கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, அப்புள்ளிகள் வழியாகச் செல்லும் பெருவட்டத்தின் வில்லே. இறுக்கி இழுத்த நூல் தானாகவே அந்த வில்லில் போய் அமர்ந்துகொள்கிறது.

தூரத்தைக் கணக்கிடும் முறை

நூல் தரும் விடையைக் கணிதத்தாலும் சரிபார்க்கலாம். சாங்கி நிலையம் வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகையில் உள்ளது. கென்னடி நிலையம் வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகையில் உள்ளது. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு ஆதலால் இரு தீர்க்கரேகைகளையும் கூட்டவேண்டும். கூட்டினால் 177.77 பாகை. அதாவது, இரு ஊர்களும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்துள்ளன.

இங்கே ஓர் எளிய வழி கிடைக்கிறது. எதிரெதிர்த் தீர்க்கரேகைகளிலுள்ள ஊர்களுக்கு இடையே குறுகிய வழி துருவத்தின் மேலாகத்தான் செல்லும். ஆகவே, ஒவ்வோர் ஊரும் துருவத்திலிருந்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்று கண்டு கூட்டினால் போதும்.

சிங்கப்பூர்: 90 – 1.36 = 88.64 பாகை
நியூயார்க்: 90 – 40.64 = 49.36 பாகை
கூடுதல்: 138.00 பாகை

பெருவட்டத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கி.மீ. எனவே 138 பாகைக்கு 15,345 கி.மீ. வெறும் கூட்டலும் பெருக்கலும்தான்!

177.77 என்பது முழுமையாக 180 அன்று என்பதால், கோள முக்கோணச் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்தேன். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதனோடு இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி வந்ததைக் கூட்டினால், தூரக் கோணத்தின் கொசைன் கிடைக்கும்.

(0.0237 × 0.6513) + (0.9997 × 0.7588 × –0.9992) = –0.7426

இதற்குரிய கோணம் 137.95 பாகை, தூரம் 15,340 கி.மீ. எளிய வழிக்கும் சூத்திரத்திற்கும் ஐந்து கிலோமீட்டர்தான் வேறுபாடு. இந்த வழி வடதுருவத்திற்கு ஏறத்தாழ 280 கி.மீ. பக்கத்தில் செல்கிறது என்பதும் இதே கணக்கில் தெரியவரும். பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும்போது இன்னும் சில கிலோமீட்டர் மாறும்.

விமானம் அவ்வழியே போகிறதா?

இனி வருவதுதான் எனக்கு வியப்பளித்தது. இவ்வளவு பாடுபட்டுக் கண்ட குறுகிய வழியில் நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் போவதில்லை! சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாக வடபசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவை அடைவதே வழக்கம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறக்கவும் நேரும். காரணம் காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் வேகமான காற்றுக்கு ‘ஜெட் காற்றோட்டம்’ என்று பெயர். குளிர்காலத்தில் அதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு 300 கி.மீட்டரையும் தாண்டும். 1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓய்ஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதனைக் கண்டறிந்தார். உலகம் படிக்கவேண்டும் என்று தம் ஆய்வை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். ஆனால் அம்மொழி அறிந்தோர் சிலரே ஆதலால் அது கவனம் பெறவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் நேரே சிக்கிய பிறகே அதன் வலிமை பலருக்கும் புரிந்தது.

கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்திற்கு அது முதுகில் தள்ளும் காற்று. மேற்கு நோக்கிச் செல்வதற்கு நெஞ்சில் மோதும் காற்று. 2020 பிப்ரவரியில், வழக்கத்தினும் கடுமையான காற்று வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. ஏறத்தாழ 5,540 கி.மீ. கொண்ட அந்தப் பயணம் சாதாரணமாக ஏழு மணி நேரம் அளவில் ஆகும்.

போகும்போது கிடைக்கும் இலாபமும் வரும்போது ஏற்படும் நட்டமும் சமமாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படி ஆவதில்லை. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 கி.மீ. என்று கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 5,540 கி.மீ. போய்வர 12 மணி 19 நிமிடம். காற்றோடு ஒருவழி 5 மணி 32 நிமிடம். எதிர்க்காற்றில் மறுவழி 6 மணி 56 நிமிடம். ஆக 12 மணி 28 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் தங்குகிறோம். ஆதலால் நட்டமும் அதிகம். ஆற்றில் படகு விடும் கணக்கைப் பள்ளியில் போட்டவர்களுக்கு இது புதிதன்று.

நம் சிங்கப்பூர் விமானத்திற்கு வருவோம். காற்றைத் தேடி 16,500 கி.மீ. பறப்பதாகவும், காற்றின் உதவியால் சராசரி வேகம் மணிக்கு 930 கி.மீ. கிடைப்பதாகவும் கொண்டால், 17¾ மணி நேரம். ஓடுபாதையில் நகர்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றில் வேகம் குறைவு என்பதால் இன்னும் அரைமணிக்கு மேல் கூட்டவேண்டும். கால அட்டவணையில் காணும் பதினெட்டரை மணிக்கு மேற்பட்ட நேரம் இவ்வாறுதான் வருகிறது.

எரிபொருள் என்னும் சுமை

சிங்கப்பூர்–நியூயார்க் பகுதிக்கு (முதலில் நெவார்க் நிலையத்திற்கு) இடைநில்லாச் சேவை 2004இலேயே தொடங்கியது. நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானம் அதில் பறந்தது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013 நவம்பரில் அச்சேவை நிறுத்தப்பட்டது. இரண்டே எஞ்சின்கள் கொண்ட ஏ350-900 வகையின் நெடுந்தூர வடிவம் வந்தபின், 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதில் இருக்கைகள் 161 மட்டுமே.

இவ்வளவு பெரிய விமானத்தில் ஏன் இத்தனை குறைந்த இருக்கைகள்? அதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று கொண்டால் 132 டன். விமானம் மேலேறக்கூடிய உச்ச எடை 280 டன். ஆக, தொட்டி நிறைந்தால் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளே! பயணத்தின் கடைசி மணிகளில் எரியவேண்டிய எண்ணெயை முதல் மணியிலிருந்தே சுமந்து பறக்கவேண்டும். அதைச் சுமப்பதற்கும் எண்ணெய் எரியவேண்டும். ஆகவேதான், சில நூறு கிலோமீட்டர் கூடுதலானாலும் காற்று சாதகமான வழியைத் தேடுகிறார்கள்.

சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் செல்லவும், அதன் பின்னும் அரைமணி நேரம் வட்டமிடவும் போதிய எண்ணெய் மிச்சமிருக்கவேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கு பிழைத்தால் என்னவாகும்?

பிழைத்த கணக்குகள் இரண்டு

1983 ஜூலை 23ஆம் நாள், ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்டது. தேவை 22,300 கிலோ எரிபொருள். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். அளவுகாட்டும் கருவி பழுதானதால் கையால் கணக்கிட்டார்கள். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்கியிருக்கவேண்டும். அவர்கள் கையில் இருந்த எண்ணோ 1.77, அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது.

சரியான கணக்கின்படி 20,088 லிட்டர் நிரப்பியிருக்கவேண்டும். நிரப்பியது 4,917 லிட்டர். நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானி அதனை ஒரு காற்றாடி வானூர்திபோல மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். ‘அலகு எழுதவில்லை’ என்று நம் ஆசிரியர்கள் விடைத்தாளில் மதிப்பெண் குறைக்கும்போது நாம் முணுமுணுப்பதுண்டு. அந்த அலகின் விலை எவ்வளவு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடந்ததோ துயரமானது. நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்ற கொரிய விமானம், வகுக்கப்பட்ட வழியை விட்டுச் சிறிது சிறிதாக வடக்கே விலகியது. தானியங்கிக் கருவி, வகுத்த வழியைப் பின்பற்றும் நிலைக்கு மாறாமல், ஒரே திசைமுகத்தைப் பிடித்துச் செல்லும் நிலையிலேயே இருந்துவிட்டது என்று பின்னர் 1993இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விசாரணை முடிவு செய்தது. தொடக்கத்தில் சிறிதாயிருந்த விலகல், மணிக்கணக்கில் பறந்தபின் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆகி, சோவியத் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டது. சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேரும் மாண்டனர். இதன்பின்தான், இராணுவத்திற்கென்று அமைக்கப்பட்டுவந்த செயற்கைக்கோள் வழிகாட்டும் முறை பொதுமக்கள் விமானங்களுக்கும் அளிக்கப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது. இன்று நம் கைப்பேசியில் வழி காட்டுவது அதுவே.

வானத்திலும் வேலி உண்டு

பெருவட்டத்திற்கு நாட்டெல்லை தெரியாது, விமானத்திற்குத் தெரிந்தாகவேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்திற்கு மேலுள்ள வானமும் உரியது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 7,800 கி.மீ. இடையிலுள்ள நிலத்தில் பெரும்பகுதி ரஷ்யா. 1983இல் பின்லாந்து விமான நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியபோது, சோவியத் வானத்தைத் தவிர்க்க வடதுருவத்தைச் சுற்றிப் பறந்தது. பின்னர் வழி திறந்தது. ஒன்பது, பத்து மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. மார்ச்சு மாதத்தில் அதே நிறுவனம் மீண்டும் துருவத்தைச் சுற்றிப் பறக்கத் தொடங்கியது. நேரம் பதின்மூன்று மணி ஆயிற்று. ஊர்கள் நகரவில்லை, பூமி மாறவில்லை. மனிதரின் பகை பயணத்தை மூன்று மணி நேரத்திற்கு மேல் நீட்டிவிட்டது.

கடிகாரம் காட்டும் வித்தை

பயண நேரம் பற்றிப் பேசும்போது கடிகாரத்தையும் சொல்லவேண்டும். என் அண்ணன் வேலையின் பொருட்டுச் சென்ற குளிர்காலத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து நியூயார்க் புறப்பட்டார். பயணச்சீட்டில் திங்கள் இரவு 11.30க்குப் புறப்பாடு, செவ்வாய் காலை 5.10க்கு வருகை என்றிருந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, “ஆறு மணி நேரம்கூட ஆகலையே! நம்ம ஊரிலிருந்து மெட்ராஸுக்குப் போற நேரத்துல அமெரிக்கா போயிடுவானா?” என்றார்கள். விடியற்காலையில் தொலைபேசி வரும் என்று காத்திருக்கவும் எண்ணினார்கள்.

நான் தாளில் எழுதிக் காட்டினேன். சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னே. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னே. இடைவெளி 13 மணி. கடிகாரம் காட்டும் 5 மணி 40 நிமிடத்தோடு 13 மணியைக் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். அதுவே உண்மையான பயண நேரம். நம் நேரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி பின்னே ஆதலால், அண்ணன் புறப்படுவது நமக்கு இரவு 9 மணி. இறங்குவது மறுநாள் பிற்பகல் 3.40. “அப்படியானால் நாளைக்கு மத்தியானம் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொண்டால் போதும்” என்று அம்மா நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். தீர்க்கரேகைப் பாடம் வீட்டில் இவ்வளவு பயன்படும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

சேரும் நேரம் எப்போதும் சேரும் ஊரின் நேரமே என்பதை மறவாதிருந்தால் குழப்பம் இல்லை. கோடையில் நியூயார்க் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்ளும். அப்போது இடைவெளி 12 மணியாகும்.

முடிவுரை

இரு விமான நிலையங்களுக்கிடையே ‘தூரம்’ என்று ஒன்றைச் சொல்கிறோம். ஆராய்ந்து பார்த்தால் அது மூன்றாகப் பிரிகிறது. உருண்டை தரும் தூரம் ஒன்று. காற்று தேடிப் பறக்கும் தூரம் ஒன்று. நாடுகள் விட்டுவைக்கும் வழியின் தூரம் ஒன்று. முதலாவது என்றும் மாறாது. இரண்டாவது நாள்தோறும் மாறும். மூன்றாவது அரசியலைப் பொறுத்தது. பயண நேரமோ இம்மூன்றையும் சார்ந்தது.

மாணவ நண்பர்கள் ஒருமுறை துறைக்கு வந்து, உருண்டையில் நூலை வைத்துத் தமக்கு விருப்பமான இரு ஊர்களை அளந்து பார்க்க வேண்டுகிறேன். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு சூத்திரத்தாலும் சரிபாருங்கள். அலகை மட்டும் எழுத மறவாதீர்கள். நாம் தேர்வுக்காகப் படிக்கும் சைனையும் கொசைனையும் நம்பித்தான், நடுக்கடலுக்கு மேலே, நள்ளிரவில், நூற்றுக்கணக்கான மக்கள் கண்ணயர்ந்து உறங்குகிறார்கள்.